திசைவியின் வாழ்நாள்

மதுரை மாநகரைத் தூங்கா நகரம் என்று கூறுவர். பகலில் கூடும் கடைத்தெருவுக்கு நாளங்காடி என்றும், இரவில் கூடும் கடைத்தெருவுக்கு அல்லங்காடி என்றும் தனித்தனியே பெயரிட்டு வாழ்ந்த ஊர் இது. மாங்குடி மருதனார் இயற்றிய மதுரைக்காஞ்சியில் இவ்விரு அங்காடிகளையும் காணலாம். இன்றும் நள்ளிரவில் இட்டலிக் கடைகளின் ஆவி அடங்குவதில்லை. எனினும், இவ்வூரிலும் மக்கள் முறைவைத்து உறங்கத்தான் செய்கின்றனர். உறக்கமே அறியாத ஒன்று இப்போது நம் இல்லங்களிற் புகுந்திருக்கிறது. கூடத்துச் சுவரிலோ அலமாரியிலோ அமர்ந்து, பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு, அல்லும் பகலும் ஓயாது உழைக்கும் சிறு பெட்டி அது. மக்கள் அதனை ரூட்டர் என்பர். மோடம் என்பாரும் உளர். தமிழில் அதற்குத் திசைவி என்று பெயர்.

திசைவி என்னும் சொல்லை முதன்முதலிற் கேட்டபோது எனக்கு அது சற்று விந்தையாகத் தோன்றியது. கேள்வி, பிறவி என்றாற்போல 'வி' என்னும் ஈறு வினையடியோடு சேர்வதையே கற்றவன் யான். இங்கோ அது திசை என்னும் பெயரோடு சேர்ந்து நிற்கிறது. ஆயினும், அப்பெட்டி செய்யும் தொழிலை அறிந்தபின், இதனினும் பொருத்தமான சொல் அமைவது அரிது என்று ஏற்றுக்கொண்டேன். நாம் இணையத்தில் அனுப்பும் செய்தி ஒரே நீண்ட ஓலையாகச் செல்வதில்லை. அது சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பொதியின்மீதும் அது சேரவேண்டிய முகவரி குறிக்கப்படுகிறது. அம்முகவரியைப் படித்து, இஃது இக்கைப்பேசிக்கு, அஃது அக்கணினிக்கு, மற்றது வெளியுலகுக்கு என்று திசை பிரித்து விடுவதே திசைவியின் தொழில். அஞ்சலகத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துக் கட்டும் ஊழியரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் மாலையில் வீடு திரும்புவார். திசைவிக்கு வீடும் இல்லை, விடுமுறையும் இல்லை.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் கிடைக்கத் தொடங்கியது 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள். மதுரைக்கு வடகிழக்கே உள்ள மேலூர் வட்டாரத்துச் சிற்றூர்களில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய கார்டெக்ட் என்னும் கம்பியில்லா முறையின் துணையால், 2001-ஆம் ஆண்டில் இணைய நிலையங்கள் திறக்கப்பட்டன. 2005-ஆம் ஆண்டில் தொலைபேசிக் கம்பி வழியாக அகன்ற அலைவரிசை இணைப்புகள் வந்தன. பின்னர்க் கண்ணாடி இழைகள் தெருக்கம்பங்களில் ஏறின. 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தொற்றுநோய் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, வகுப்பறையே இச்சிறு பெட்டிக்குள் புகுந்துவிட்டது எனலாம். ஆகவே, திசைவி பழுதுறுதல் என்பது இன்று வானொலி பழுதுறுதல் போன்ற சிறு செய்தியன்று. அதனை என் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றால் யான் நன்கு உணர்ந்தேன்.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் என் பெயர்த்தி பொறியியற் கல்லூரிக் கலந்தாய்வுக்குக் காத்திருந்தாள். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்னும் விருப்பப் பட்டியலை இணையத்தின் வழியே பதிவு செய்தல் வேண்டும். காலையெல்லாம் ஆராய்ந்து தாளில் வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். பதிவுக்குரிய இறுதி நாள் அன்று. நண்பகலில் மின்சாரம் நின்றது. அரைமணி நேரங் கழித்து மீண்டது. மின்விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, திசைவி மட்டும் கண் திறக்கவில்லை. நாங்கள் குடியிருக்கும் குறுந்தெருவில் கைப்பேசி அலை எந்நாளும் நலிந்தே இருக்கும். இணைய நிறுவனத்தாரைத் தொலைபேசியில் அழைத்துக் கடிந்துகொண்டேன். அவர்கள் மறுநாள் ஆள் அனுப்புவதாகக் கூறினர். வெயிலில் பெயர்த்தியை அழைத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த இணைய மையத்துக்கு விரைந்தேன். அங்கே எங்களைப்போல் வந்திருந்தோர் பலர். எங்கள் முறை வந்தபோது எஞ்சியிருந்தவை சில நிமிடங்களே. பட்டியல் பதிவாயிற்று, ஆயின், அவள் எண்ணியிருந்த கல்லூரிகளுள் பாதியே அதில் ஏறின. அன்றிரவு அவள் உணவு கொள்ளவில்லை.

மறுநாள் இறந்த திசைவியை மின்பொருள் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவரிடம் கொண்டு சென்றேன். "எங்கே வைத்திருந்தீர்கள் ஐயா?" என்று கேட்டார். "பத்திரமாகத்தான் வைத்திருந்தேன் தம்பி. புத்தக அலமாரிக்குள், செட்டாப் பெட்டியின் மேல் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தேன். தூசு படாமல் இருக்கப் பூவேலை செய்த துணியொன்றையும் போர்த்தியிருந்தேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "இதற்கென்ன குளிர்காய்ச்சலா ஐயா, போர்வை போர்த்துவதற்கு?" என்று சொல்லிக்கொண்டே திருகாணிகளைக் கழற்றினார். பச்சைப் பலகையின்மேல் விரல் நகத்தளவு உயரமுள்ள சிறு உருளைகள் சில நின்றன. அவற்றுள் ஒன்றின் தலை அப்பளம்போல் உப்பியிருந்தது. அடியிற் பழுப்புநிறக் கறை கசிந்திருந்தது. "இந்தக் கண்டென்சர் போய்விட்டது. நேற்றுப் போனதன்று, பல மாதங்களாகப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. மின்சாரம் நின்று வந்தது ஒரு சாக்கு" என்றார். முதல்நாள் நிறுவனத்தாரைக் கடிந்துகொண்டது நினைவுக்கு வர, யான் ஒன்றும் பேசாது நின்றேன்.

அவர் கண்டென்சர் என்று குறிப்பிட்டதனை நம் அறிவியற் பாடநூல் மின்தேக்கி என்கிறது. இப்பெயரே அதன் தொழிலைக் கூறும். நம் பகுதியில் வைகையில் வெள்ளம் வரும்போது அந்நீரைக் கண்மாயில் தேக்கி வைத்து, மடை வழியாகச் சிறுகச் சிறுக வயலுக்கு விடுகின்றோம் அன்றோ? ஆற்றிலே நீர் ஏறினும் இறங்கினும், வயலுக்குச் செல்லும் நீர் ஒரே சீராக இருக்கிறது. மின்தேக்கியும் அத்தகைய கண்மாயே. ஏற்ற இறக்கத்தோடு வரும் மின்சாரத்தைத் தன்னிடம் தேக்கி, நுண்ணிய சில்லுகளுக்குச் சீராக வழங்குகிறது. அவ்வுருளையின் உள்ளே மெல்லிய அலுமினியத் தகடுகளும், அவற்றினிடையே மின்பகுநீர் தோய்ந்த தாளும் சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். அடியில் ரப்பர் அடைப்பு ஒன்று உண்டு. வெப்பம் மிக மிக, அந்நீர் சிறுகச் சிறுக அடைப்பின் வழியே ஆவியாகிக் கழிகிறது. கண்மாய் வற்றினால் வயலின் கதி யாது? மின்சாரத்தின் ஏற்ற இறக்கம் நேரே சில்லுகளைச் சென்று தாக்கும். முதலில் திசைவி தானே அணைந்து தானே எழும். மாலை வேளைகளில் இணைப்பு அறுபடும். பின்னர் ஒருநாள் எழாமலே கிடக்கும்.

மாணவர்களே! இங்கே ஒரு சிறு கணக்குச் செய்து பார்ப்போம். மின்தேக்கியைச் செய்வோர் அதன் வாழ்நாளை அதற்குரிய விவரத்தாளிற் குறிப்பர். 105 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 2,000 மணிநேரம் என்பது பரவலாகக் காணப்படும் அளவு. வெப்பம் 10 டிகிரி குறையுந்தோறும் வாழ்நாள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொறியியலார் கைக்கொள்ளும் விதி. 95 டிகிரியில் 4,000 மணி, 85-இல் 8,000, 75-இல் 16,000, 65-இல் 32,000, 55-இல் 64,000. ஓராண்டுக்கு 8,760 மணிநேரம். ஆகவே, பெட்டியின் உள்ளே 55 டிகிரி வெப்பம் இருப்பின் மின்தேக்கி ஏழு ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும். 75 டிகிரி இருப்பின் இரண்டு ஆண்டுகள்கூட நிறையா. பொருள் ஒன்றே, விலையும் ஒன்றே, வைத்த இடம் மட்டுமே வேறு. என் திசைவியை 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் வாங்கினேன். அது வாழ்ந்தது 20 திங்கள். நல்ல மின்தேக்கியும் தாழ்ந்த மின்தேக்கியும் உலகில் உண்டு. எல்லாத் திசைவியும் இக்கணக்கின்படியே நடக்கும் என்று யான் கூறவில்லை. ஆயினும், என் அலமாரியைப் பொறுத்தமட்டில் இக்கணக்கு என்னைச் சுட்டுகிறது.

திசைவி கொள்ளும் மின்சாரம் மிகச் சிறிது. 12 வோல்ட் மின்னழுத்தமும் 1 ஆம்பியர் மின்னோட்டமும் உடைய அடாப்டர் தரக்கூடிய ஆற்றல் 12 வாட். திசைவி பெரும்பாலும் அதனினும் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். ஆயின், அச்சிறு ஆற்றலில் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே முடிகிறது. அதனைத் தணிக்க உள்ளே விசிறி இல்லை. அடியிலும் பக்கங்களிலும் உள்ள துளைகளே அதற்கு மூக்கு. குளிர்ந்த காற்று கீழே புகும். சூடேறி மேலே வெளிப்படும். துணியைப் போர்த்துவது அம்மூக்கைப் பொத்துவதாகும். செட்டாப் பெட்டியின்மேல் வைப்பது, அடுப்பின்மேல் அமர்த்தி மூக்கையும் பொத்துவதாகும். இவ்விரண்டையும் ஒருசேரச் செய்த பெருமை எனக்கு உண்டு.

மற்றொன்றையும் நோக்குதல் வேண்டும். இல்லங்களுக்கென்று செய்யப்படும் திசைவிகள் பல, 0 முதல் 40 டிகிரி வரையிலான காற்று வெப்பத்திலேயே இயங்கத்தக்கவை என்று அவற்றின் குறிப்பேடுகள் கூறுகின்றன. குளிர்நாட்டார்க்கு 40 டிகிரி என்பது தொலைவிலுள்ள எல்லை. நமக்கோ அது சித்திரை, வைகாசியில் வாயிற்படி வரை வந்துவிடும் விருந்தினர். மதுரைச் சமவெளியில் வெயில் 40 டிகிரியை எட்டும் நாள்கள் உண்டு. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட்டுக் கூரை இரவில் அதனை வீட்டுக்குள் உமிழ்கிறது. மாடியறையில், மேற்குச் சுவரில், கூரையை ஒட்டித் திசைவியைப் பொருத்தினால், இரவிலும் அதற்கு ஓய்வில்லை. நம் முன்னோர் கட்டிய ஓட்டு வீடுகளில் கூடத்தின் நடுச்சுவர் கோடையிலும் தண்ணென்று இருக்கும். அத்தகைய உட்சுவரில், மார்பளவு உயரத்தில், நாற்புறமும் ஒரு சாண் இடைவெளி விட்டு, திறந்த சிறு பலகையின்மேல் வைத்தலே நன்று. இதனால் மற்றொரு பயனும் விளைகிறது. இரும்பு அலமாரியும் தடித்த சுவரும் திசைவியின் அலைகளைத் தடுப்பவை. வீட்டின் நடுவே வெளியில் நிற்கும் திசைவி எல்லா அறைகளுக்கும் நன்கு எட்டும். அடுப்பங்கரை ஆகாது. எண்ணெய்ப் புகையில் தோய்ந்த தூசு துளைகளிற் பசைபோல் ஒட்டிக்கொள்ளும்.

வெப்பம் மெல்லக் கொல்லும் பகை என்றால், மின்சாரம் திடீரெனப் பாயும் பகை. இதனை ஆராய்ந்து உலகுக்கு உரைத்த நிகழ்ச்சி ஒன்று நமக்கு அண்மையிலேயே நடந்தது. மதுரையில் மருத்துவர் ஜி. வெங்கடசாமி 1976-ஆம் ஆண்டில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை நீங்கள் அறிவீர்கள். அதன் கிளை ஒன்று தேனியில் இருக்கிறது. அதனைச் சுற்றியுள்ள ஆண்டிப்பட்டி, போடிநாயக்கனூர், சின்னமனூர், பெரியகுளம் முதலிய ஊர்களிற் பார்வை மையங்கள் என்னும் சிறு நிலையங்கள் நிறுவப்பட்டன. அங்கே பயிற்சி பெற்ற ஊழியர் நோயாளியின் கண்ணைச் சோதிப்பார். தேனியில் அமர்ந்திருக்கும் மருத்துவர் திரையின் வழியாக நோயாளியைக் கண்டு, பேசி, செய்யவேண்டுவதைக் கூறுவார். வயல் வேலைக்குச் செல்லும் முதியவர் ஒருவர் பேருந்துக் கட்டணமும் ஒருநாட் கூலியும் இழந்து தேனிக்குச் செல்ல வேண்டிய தேவை இதனால் நீங்கிற்று.

இவ்வூர்களைத் தேனியோடு இணைத்தவை நெடுந்தொலைவு செல்லும் கம்பியில்லா இணைப்புகள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி ஆய்வாளர்கள் மருத்துவமனையாரோடு சேர்ந்து அவற்றை அமைத்தனர். அலை மலையைத் தாண்டுமா, மழையில் மங்குமா என்பனவே இத்தகைய பணியில் எவரும் முதலில் எண்ணும் இடர்கள். ஆயின், இணைப்புகள் ஆண்டுக்கணக்கில் இயங்கத் தொடங்கியபின் அவர்களை வாட்டியது மின்சாரமே. இவ்வனுபவத்தை அவர்கள் 2008-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். மின்சாரம் நிற்பதினும், தரங்கெட்ட மின்சாரம் வருவதே கருவிகளுக்குப் பெருந்தீங்கு செய்கிறது என்பது அதில் அவர்கள் கண்ட உண்மை. மின்னழுத்தம் கணப்பொழுதில் பன்மடங்கு எழும்பி அடாப்டர்களையும் திசைவிப் பலகைகளையும் எரித்தது. அது தாழ்ந்தபோதோ வேறொரு தொல்லை நேர்ந்தது. திசைவி முற்றும் அணைவதுமில்லை, முறையாக இயங்குவதுமில்லை, அரைமயக்கத்தில் நின்றுவிடும். யாரேனும் சென்று நிறுத்தி மீண்டும் இயக்கினாலன்றி அது தெளியாது. அடிக்கடி திடீரென மின்சாரம் அறுபட்டதால், திசைவியின் நினைவகத்தில் எழுதப்பட்டிருந்த செய்திகளும் சிதைந்தன. இணைப்பின் மறுமுனையில் மருத்துவர் காத்திருக்க, இம்முனையில் நோயாளி வெறுந்திரையைப் பார்த்து அமர்ந்திருக்கும் நிலை இவற்றால் விளைவது. ஆய்வாளர் கண்ட மருந்துகளுள் ஒன்று மிக எளியது. மின்னழுத்தம் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கினால் திசைவியை முழுவதுமாக அணைத்துவிடும் சிறு சுற்று ஒன்றைப் பொருத்தினர். அரைகுறையாக வாழ்வதைவிட முற்றிலும் உறங்கி எழுவது கருவிக்கு நலம்.

அவை கோபுரங்களில் நின்ற திசைவிகள். நம் வீட்டுத் திசைவி அவற்றின் இளைய தம்பி. இருவரையும் வருத்துவது ஒரே நோய். நம் வீட்டுக்கு வரவேண்டிய மின்னழுத்தம் 230 வோல்ட். மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களில் நீரிறைக்கும் மோட்டார்கள் ஒருசேர ஓடத் தொடங்கினால் விளக்கு மங்குவதைக் கண்டிருப்பீர்கள். நின்ற மின்சாரம் மீளும்போது முதற்சில கணங்களில் அது நிலைகொள்ளாது தடுமாறும். ஆகவே, மின்சாரம் நின்றவுடன் திசைவியின் செருகியைப் பிடுங்கிவிட்டு, மீண்டபின் ஐந்து நிமிடம் பொறுத்துச் செருகுவது நன்று. இயன்றவர் 12 வோல்ட் மின்கலம் அடங்கிய சிறு காப்புப் பெட்டி ஒன்றை இடையே வைக்கலாம்; மினி யு.பி.எஸ். என்று கடைகளிற் கிடைப்பது அது. திசைவியின் மின்னழுத்தத்துக்குப் பொருந்துவதாகப் பார்த்து வாங்குதல் வேண்டும். அது மின்வெட்டின்போது இணைப்பைக் காக்கும். சிறு ஏற்ற இறக்கங்களையும் திசைவி உணராவண்ணம் தடுக்கும். பன்முனைப் பலகை ஒன்றை வாங்கி, அதனை ஸ்பைக் பஸ்டர் என்று நம்பி ஏமாறுவோர் பலர். மலிவானவற்றுட் பலவற்றில் ஆளியும் துளைகளுமே உண்டு. எழும்பும் மின்னழுத்தத்தை உறிஞ்சும் உறுப்பு இராது. அவ்வுறுப்பு இருப்பினும், ஒவ்வொரு தாக்குதலிலும் அது சிறிது தேயும்.

இனி, இடிமின்னலைப் பற்றிச் சிறிது கூறுவேன். நம் பகுதியிற் கோடை மழையும், புரட்டாசி ஐப்பசி மழையும் மாலை வேளையில் இடியோடு வருபவை. மின்னல் நம் வீட்டின்மேல் விழ வேண்டுவதில்லை. தொலைவில் விழுந்தாலும், தெருவில் நீண்டோடும் கம்பிகளில் மின்னெழுச்சி தோன்றும். செப்புக் கம்பி வழியாக இணையம் வந்த காலத்தில் ஒரு மழைக்குத் தெருவே இணைப்பை இழந்ததுண்டு. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. எனினும், இழையோடு வலுவுக்காக இரும்புக் கம்பி ஒன்று ஓடுவதுண்டு. அக்கம்பியை வீட்டின் வெளிப்புறத்திலேயே கட்டி நிறுத்தி, இழையை மட்டும் உள்ளே கொணருமாறு பணியாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அடாப்டரின் வழியும் திறந்தே இருக்கிறது. வானம் கறுக்கும்போதே செருகியைப் பிடுங்கிவிட வேண்டும். ஆளியை அணைத்தல் போதாது. ஆளிக்குள் உள்ள இடைவெளி மிகச் சிறிது, அதனை மின்னெழுச்சி தாண்டவல்லது. ஆனால், இடி தலைக்குமேல் முழங்கத் தொடங்கியபின் செருகியைத் தொடச் செல்லாதீர்கள். திசைவி போனால் வேறு வாங்கலாம்.

வீட்டின் நிலத்தொடர்பும் செம்மையாக இருத்தல் வேண்டும். எர்த்து என்று வழங்கும் அது, கரியும் உப்பும் இட்ட குழியில் முடிகிறது. கோடையில் அக்குழி உலர்ந்துவிட்டால், மிகை மின்சாரம் மண்ணிற் பாய வழியின்றித் திகைக்கும். வாரத்துக்கு ஒருமுறை ஒரு குடம் நீர் ஊற்றும் வழக்கம் முன்பு பல வீடுகளில் இருந்தது. குழாய் பதித்து, தளம் போட்டு, குழி எங்கே என்பதையே பலர் இன்று மறந்துவிட்டனர்.

திசைவி எழாவிடின் அது மாண்டதென்று உடனே முடிவு செய்தலும் பிழை. பல இல்லங்களில் மாண்டது அடாப்டர். குப்பைக்குச் சென்றதோ திசைவி. அடாப்டரின் உள்ளேயும் மின்தேக்கிகள் உண்டு, அவையும் வற்றும். விளக்குகள் எரிந்தும் இணைப்பு நில்லாவிடின், முதலில் வேறோர் அடாப்டரைக் கொண்டு சோதித்துப் பார்த்தல் வேண்டும். அதன் மேற்பரப்பிற் பொடி எழுத்துகளில் அளவுகள் அச்சிடப்பட்டிருக்கும். வோல்ட் அளவு திசைவியிற் குறித்ததற்குச் சரியாக ஒத்திருத்தல் வேண்டும்; ஆம்பியர் அளவு சமமாகவோ மிகுதியாகவோ இருக்கலாம், குறைதல் ஆகாது; முனையின் நேர், எதிர் அமைப்பும் ஒத்திருத்தல் வேண்டும். 'முனை பொருந்துகிறதே' என்று ஏதேனும் ஒன்றைச் செருகுதல், காலுக்குப் பொருந்தாத செருப்பை அணிவது போன்றதன்று. செருப்பு காலைக் கடிப்பதோடு நிற்கும்.

ஆடிக்காற்று நம் சமவெளியில் வாரி இறைக்கும் தூசு ஒரே திங்களில் துளைகளை அடைக்கும். திங்களுக்கு ஒருமுறை செருகியைப் பிடுங்கிவிட்டு, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள், ஈரத்துணி கூடாது. கதகதப்பை நாடிச் சிற்றெறும்பு குடிபுகுவதும், பல்லி நுழைந்து மடிவதும் உண்டு. கண்ணாடி இழையைச் சுருட்டி ஆணியில் மடித்துத் தொங்கவிடாதீர்கள். கூர்மையாக வளைந்த இடத்தில் ஒளி கசிந்து, திசைவியிற் சிவப்பு விளக்கு எரியும். பழுதெனக் கருதிப் பெட்டியை மாற்றிய பின்னரே வளைவு கண்ணிற் படும்.

உடல் நலமாக இருந்தும் திசைவிக்கு முடிவு வருவதுண்டு. அதன் உள்ளே இயங்கும் மென்பொருளில் காலந்தோறும் ஓட்டைகள் கண்டறியப்படுகின்றன, செய்த நிறுவனத்தார் சில ஆண்டுகள் வரை அவற்றை அடைத்துத் தருவர், பின்னர் நிறுத்திவிடுவர். அவ்வாறு கைவிடப்பட்ட திசைவி, தாழில்லாக் கதவு போன்றது. புதுப்பித்தல் நடைபெறும் சில நிமிடங்களில் மட்டும் செருகியைத் தொடாதீர்கள். பாதி எழுதிய நிலையில் மின்சாரம் அறுபட்டால், பெட்டி தன்னையே மறந்துவிடும். பயன் முடிந்த திசைவியை வைகையிலோ குப்பைத் தொட்டியிலோ எறியலாகாது. அதிற் செம்பும் பிற உலோகங்களும் உள்ளன. மின்னணுக் கழிவுக்கென்று நடுவண் அரசு 2022-ஆம் ஆண்டில் வகுத்த விதிகள் 2023-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தன. அதன்படி பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையங்களுக்கே அவை செல்லுதல் வேண்டும்.

இப்போது எங்கள் இல்லத்தில் உள்ள திசைவி கூடத்து நடுச்சுவரில் திறந்த பலகையின்மேல் இருக்கிறது. பூவேலைத் துணி மீண்டும் தலையணைக்கே சென்றுவிட்டது. ஏடெழுதுவோர் சுவடியின் இறுதியில் ஆண்டும் திங்களும் குறித்து வைப்பது வழக்கம். என் பெயர்த்தி அதுபோலவே ஒரு துண்டுத் தாளில் 'ஆகஸ்டு 2023' என்றும், அதன்கீழே '12 வோல்ட், 1 ஆம்பியர்' என்றும் எழுதி, திசைவியின் பக்கத்திற் காற்றுத் துளைகளை மறைக்காதவாறு ஒட்டி வைத்தாள். இரண்டாம் விருப்பமாகக் குறித்த கல்லூரியில் இடம் கிடைத்து, இப்போது விடுதியில் தங்கிப் படிக்கிறாள். விடுமுறைக்கு வரும்போது, பையை இறக்கி வைத்தவுடன் பழைய தூரிகை ஒன்றைத் தேடியெடுத்து, அதன் துளைகளைத் தட்டிவிடுகிறாள்.